மெரிவால், நீல முகப்பு

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறந்தது. முதல் நாளே ஆயிரத்து இருநூறு பனியன் என் மேசைக்கு வந்துவிட்டன. நாற்பத்தொன்றைத் திருப்பி அனுப்பினேன். கழுத்துப் பட்டி இடப்பக்கம் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தையல் பிரிவு சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பத்தொன்பது வருடமாகத் திருப்பூரில் செக்கிங் பார்க்கிறேன்; முகங்கள் பழகிவிட்டன.

ரேணுகா ஏழே காலுக்கு வந்தாள். வழக்கமாக ஆறரை. அவளுக்கு அவினாசி சாலையில் இன்னொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தால் நூல் வாங்குவதிலிருந்து கப்பலேற்றுவது வரை அவள்தான் துரத்த வேண்டும். தாரிணி சேலத்தில் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். சாப்பிடும்போது ஆபீஸ் கதை சொல்லுவாள். புது ஜெனரல் மேனேஜர் கௌதமன் வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று அவர் பேச்சு ஆறு முறை வந்தது. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, தொழில் பழக்கம்.

"ஜி.எம். கையில ஒரு வாட்ச் கட்டியிருக்காருங்க. நீலக் கலரு. பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றாள்.

ரசம் ஊற்றச் சொன்னேன்.

நவம்பர் 6, புதன்

மதிய இடைவேளையில் அவினாசி சாலைப் பக்கம் ஒரு வேலை இருந்தது. ரேணுகா கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கார் ஒன்று நின்று ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், வயிறு இல்லை. சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தார். இஸ்திரி கலையாமல் மடிக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

சாயங்காலம் அவர்கள் கம்பெனி வலைத்தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிகாரத்தில் 'மெரிவால்' என்று இருக்கிறது. ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியாம். விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நவம்பர் 9, சனி

கோயம்புத்தூர் போனேன். மெஷின் கண்காட்சி என்று வீட்டில் சொன்னேன்.

ஒரு பெரிய ஷோரூமில் மெரிவால் வைத்திருந்தார்கள். வாங்குகிற மாதிரி போனேன். அங்கிருந்த பெண் வெள்ளைக் கையுறை போட்டு எடுத்து என் கையிலேயே கட்டிவிட்டாள். பாரம் நன்றாகத் தெரிந்தது. விநாடி முள் டிக், டிக் என்று துள்ளவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு எழுத்தும் கத்தியால் நறுக்கியதுபோல இருந்தது. தேதி எண் அதன் சன்னலின் நட்டநடுவில் நின்றது. பட்டை உடலோடு சேருமிடத்தில் தலைமுடி நுழைய இடமில்லை. திருகைத் திருகினால் வெண்ணெய் போலத் திரும்பியது. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டேன். அசலைத் தொட்டுப் பார்க்காதவனுக்கு நகலில் என்ன குறை என்று எப்படித் தெரியும்? எங்கள் தொழிலிலும் ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய மாதிரித் துணியைப் பார்க்காமல் யாரும் செக்கிங் உட்காருவதில்லை.

வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தப் பெண் அப்போதும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. தொட்டி, இரண்டு டிரம், எட்டுக் குடம். ரேணுகா துணி ஊறவைத்தாள். நடுவில் போன் வந்தது, மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள். பதினொரு நிமிடம். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கிறதாம்.

நவம்பர் 13, புதன்

ரேணுகா 7.40. கேட்டேன். "வேலைங்க" என்றாள்.

நவம்பர் 16, சனி

வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுதப்போவதில்லை.

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. வெளியே பலகை கிடையாது. எங்கள் கம்பெனி மனோகரன் சொல்லித்தான் தெரியும். கடைக்காரர் பெயர் தனசேகர், முப்பத்தைந்து வயது இருக்கும். நான் படியேறும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் கவனித்திருக்கிறார்.

"மொதத் தடவைங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்லிப்போடறேன். இது காப்பி. காப்பின்னு சொல்லித்தான் குடுக்கறேன். பெட்டி, கேரண்டி கார்டு எல்லாம் குடுப்பேன், அதை நம்பிப்போடாதீங்க, அதுவும் அச்சடிச்சதுதான். வேற யாருக்காச்சும் ஒரிஜினல்னு சொல்லி வித்தீங்கன்னா அப்புறம் நம்ம கடைப் பேரு வரக்கூடாது."

அது எனக்குப் பிடித்திருந்தது. குறையை முதலில் சொல்கிறவன் சரக்கை நான் எப்போதும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பேன்.

நீல முகப்பில் ஒன்றை எடுத்து வைத்தார். நான் சட்டைப்பையிலிருந்து நூல் எண்ணும் லென்ஸை எடுத்தேன். தனசேகர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் உருப்படியில் தேதி எண் மேலே ஏறி நின்றது. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் பெயரின் கடைசி எழுத்துக்குக் காலில் மை கட்டியிருந்தது. முள்ளைச் சரியாகப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால் பெரிய முள் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. அதையும் தள்ளினேன். மூன்றாவதில் எழுத்து சுத்தம். முள்ளைச் சுற்றி நடு இரவுக்குக் கொண்டுபோனேன், தேதி பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடத்தில் மாறியது. சில காப்பிகளில் மத்தியானம் மாறுமாம், அல்லது பாதியில் நின்று இரண்டு எண்ணும் பாதி பாதியாகத் தெரியுமாம். உள்ளேயிருந்த மூன்று சின்ன வட்டங்களில் இரண்டு உண்மையாகவே ஓடின. மூன்றாவது வெறும் அச்சு. பட்டை சேருமிடத்தில் என் நகம் நுழைந்தது. பின்மூடியில் பொறித்த எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிழை இல்லை.

"வெளிய பாக்கறதெல்லாம் பாத்துட்டீங்க. உள்ள என்ன மிஷின்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார் தனசேகர். பிறகு அவரே சொன்னார். விநாடி முள் வழுக்க வேண்டுமானால் சாவி கொடுக்கிற மிஷின், அதில் தினமும் கொஞ்சம் நேரம் தப்பும். துள்ளுகிற முள் பரவாயில்லை என்றால் பேட்டரி, அது நேரத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் பார்த்ததும் தெரிந்துவிடும். "ரிப்பேராச்சுன்னா எந்தக் கடைக்காரரும் இதைத் தொடமாட்டாங்க. கை கழுவறப்பக்கூடக் கழட்டி வெச்சுருங்க. தண்ணி புகாதுன்னு பின்னாடி எழுதியிருக்கும். எழுத்தைத்தான் காப்பி அடிச்சிருக்காங்க."

ஒரு வாரத்துக்குள் நின்றுபோனால் மாற்றித் தருவதாக அவர் கையாலேயே துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரைக்குள் தேதியைத் திருகக் கூடாது, உள்ளே பல் உடைந்துவிடும் என்றும் சொன்னார்.

எங்கள் கணக்கில் நாலு குறைக்கு மேல் இருந்தால்தான் ரிஜெக்ட். இதில் இரண்டுதான். பாஸ்.

எழுந்திருக்கும்போது தனசேகர் கேட்டார், இவ்வளவு பார்க்கிறீர்களே, யாருக்கு இது என்று. எனக்குத்தான் என்றேன்.

நவம்பர் 18, திங்கள்

இரண்டு நாளாகக் கட்டியிருக்கிறேன். காபி டம்ளரை இடது கையால் வாங்கினேன். பேப்பரை அவள் முன்னால் விரித்தேன். கேஸ் தீரப்போகிறது என்றாள்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று பார்த்துவிட்டாள்.

"புதுசுங்களா?"

மனோகரனுடைய மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, அவர் பண அவசரத்துக்குக் கொடுத்துவிட்டார், ஒரிஜினல் என்றேன். என் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பொய் இதுவரை வந்ததில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருக்கவில்லை. நாலு விநாடி இருக்கும்.

நவம்பர் 21, வியாழன்

சாவி வாட்ச்தான் எடுத்தேன், ஒரு நாளைக்கு நாற்பது விநாடி பிந்துகிறது. காலையில் ரேடியோ செய்தியோடு சரி செய்கிறேன்.

ரேணுகா ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கும்போது மீட்டர் கண்ணில் பட்டது. ஆபீஸ் போய்வரப் பதினான்கு கிலோமீட்டர். நேற்றைக்கும் இன்றைக்கும் பத்தொன்பது காட்டுகிறது. ஐந்து அதிகம். கேட்கவில்லை, சும்மா குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

அலமாரியில் என் பிரஷர் மாத்திரை புது அட்டை இருந்தது. நம் தெருக் கடையில் இருப்பு இல்லையாம், ஸ்டேஷன் பக்கம் போய் வாங்கி வந்தாளாம். முந்தாநாளே வைத்துவிட்டாளாம்.

வெயில் அதிகம். மனோகரன் லீவு.

நவம்பர் 26, செவ்வாய்

கௌதமன் புதுவீடு கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். பத்திரிகையில் அவர் கையெழுத்தில் என் பெயரும் இருந்தது: திரு. சென்னியப்பன் குடும்பத்தார். கையெழுத்தும் நன்றாகத்தான் இருக்கிறது.

"நீங்க வாட்ச் வாங்கினதை ஜி.எம்.கிட்ட சொன்னனுங்க. அவருக்கு வாட்ச்னா பைத்தியம். கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றாள் ரேணுகா.

இவள் அவரிடம் என் வாட்ச் பற்றியெல்லாம் பேசுகிறாள். எப்போது பேசினாள், எங்கே உட்கார்ந்து பேசினாள், அப்போது யார் இருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுத விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் நாளைக்கு நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

வீடு பெரிது. ரேணுகா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். அந்தப் புடவையை எனக்காகக் கட்டி இரண்டு வருடமாகிறது. கௌதமனின் மனைவி அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனார். கௌதமன் என்னை மாடிக்கு அழைத்துச் சென்று பால்கனியில் நிறுத்தினார்.

ரேணுகா சொன்ன வாட்சைப் பார்க்கலாமா என்று கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். அவர் முதலில் முகப்பைப் பார்க்கவில்லை. கையில் வைத்து ஆட்டினார், காதில் வைத்தார், பின்பக்கம் திருப்பினார். அவர் கட்டைவிரல் பட்டை சேருமிடத்தைத் தடவிக்கொண்டே வந்து, என் நகம் நுழைந்த அதே இடத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். எனக்குப் புரிந்துவிட்டது. நான் தினமும் செய்கிற காரியம் அது. தப்பு அகப்பட்டதும் விரல் நிற்கும்.

 என் கையைப் பிடித்து அவரே கட்டிவிட்டார். நகல் என்று சொல்லியிருந்தால், கேலி செய்திருந்தால், அவரை வெறுக்க ஒரு காரணம் எனக்குக் கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை.

பேச்சை மாற்றத்தான் கேட்டிருப்பார். "பெங்களூரு விஷயத்துல உங்களுக்கு என்னங்க சங்கடம்? வாராவாரம் வந்துட்டுப் போகலாமே. அங்க ஆபீஸை நடத்த அவங்களை விட்டா எனக்கு ஆளில்லை. ஒரு மாசமா சாயங்காலம் ஒக்காந்து எல்லாம் கத்துக்கிட்டு, இப்ப வீட்டுல சரிப்படாதுன்னுட்டாங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்றார். கீழே இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் என் தோளைத் தொட்டார். நான் முன்னால் இறங்கினேன்.

என் மனைவிக்கு வந்த வேலை, அவள் அதை வேண்டாம் என்றது, அதற்குக் காரணம் நான் என்பது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு மாதச் சாயங்காலத்தைத்தான் நான் மணி போட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் மறைத்தது என்னவோ ஒன்று என்று நினைத்திருந்தேன். அதைவிட இது மோசமாக இருந்தது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

பாயசம் வேண்டாம் என்றேன். திரும்பி வரும்போது வண்டியில் அவள் ஏதோ கேட்டாள். காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

டிசம்பர் 2, திங்கள்

பேசவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பேசவில்லை. கேஸ் வந்தது. 214 பனியன் ரிஜெக்ட். சூப்பர்வைசர் மேனேஜரிடம் போய்விட்டார். மேனேஜர் வந்து பார்த்து அதில் தொண்ணூறைப் பாஸ் செய்தார். இப்படி இதற்குமுன் நடந்ததில்லை.

டிசம்பர் 4, புதன்

சாயங்காலம் ரேணுகா சீக்கிரம் வந்துவிட்டாள், ஆறு மணி. கைப்பையை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

பெங்களூரைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று நானே கேட்டேன். அவரிடம் சொல்லத் தெரிகிறது, என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா என்றும் கேட்டேன். என் குரல் உயர்ந்திருந்தது.

அவள் குரல் உயரவில்லை. "போன வருசம் ரெண்டு நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போனனே, நெனப்பிருக்குங்களா? பதினேழு தடவை கூப்பிட்டீங்க. பக்கத்துல யாருன்னு கேட்டீங்க. சாப்பிடறப்ப எதுத்தாப்பல யாருன்னு கேட்டீங்க. நீங்க மட்டுந்தான் எண்ணுவீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. நானும் எண்ணுனனுங்க."

நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஒரிஜினல் இல்லை என்றேன்.

"தெரியுமுங்க."

எப்படி என்றேன்.

"கட்டின நாள்ல இருந்து நீங்க அதைத் தொடச்சு, கழட்டி, வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பாக்கறீங்க. நெசமாலுமே நல்லதுன்னு தெரிஞ்ச ஒண்ணை யாரு அப்படிப் பாப்பாங்க? ஒரிஜினல்னு நான் அவருகிட்ட சொல்லலை. எங்க வீட்டுக்காரரு புதுசா வாட்ச் வாங்கியிருக்காருன்னுதான் சொன்னேன். பத்தொம்போது வருசத்துல உங்களுக்குன்னு நீங்களே ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கிட்டீங்கன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

கௌதமனுடைய வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று சொன்னாயே என்றேன். 

"நானா? எப்பங்க சொன்னேன்?"

தேதி என்னிடம் இருக்கிறது. சொல்லவில்லை.

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனது செய்கிறவன் மாதிரி, சரி, போயிட்டு வா என்றேன்.

ரேணுகா என்னை நேராகப் பார்த்தாள். "உங்ககிட்ட உத்தரவு கேக்க ஒக்காரலீங்க. ஞாயித்துக்கெழமைல இருந்து ஒரு வார்த்தை பேசலை நீங்க. பேசாம இருக்கறவருக்குத் துணையா நான் எதுக்கு இங்க இருக்கோணும்னு தோணிப்போச்சு. நேத்து மத்தியானமே சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். மார்கழி பொறக்கறதுக்குள்ள வந்து சேரச் சொல்லியிருக்காங்க."

எழுந்து போய் மாவு கரைத்தாள். தோசை எனக்கு நாலு, அவளுக்கு மூன்று. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 7, சனி

மனோகரன் தானும் ஒரு மெரிவால் வாங்கப்போவதாகவும் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் கேட்டார். தேநீர் ஆறும்வரை சொன்னேன். முதலில் ஷோரூமில் அசலைக் கையில் கட்டிப் பார்த்துவிடச் சொன்னேன். லென்ஸ் கொண்டுபோகச் சொன்னேன். தேதி, எழுத்து, பன்னிரண்டில் முள், ஓடாத சின்ன வட்டம், பட்டை சேரும் இடம், உள்ளே இருக்கிற மிஷின், தண்ணீர் என்று எதையும் விடவில்லை. மாற்றித் தருவதாக எழுதி வாங்கவும் சொன்னேன். எல்லாம் முடிந்தபிறகு, வீட்டில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். வாட்ச் என்று சொல்வேன் என்றார், நான் எதற்குக் கேட்டேன் என்று புரியாமல்.

என்னுடையதைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன். நகல்தான், குறை இரண்டு, நாளைக்கு நாற்பது விநாடி பிந்தும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அங்கே ஆபீஸில் எத்தனை பேர் என்று ரேணுகாவிடம் கேட்டேன். பதினான்கு என்றாள். ஆண்கள் எத்தனை என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

காலை ரயில். ஸ்டேஷனில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். ஒரு கல்லூரிப் பையன், காதில் ஒயர். பார்த்ததை அவளும் பார்த்தாள். ஆனால் இந்தமுறை சிரித்தாள். நாளைக்கு மாத்திரை தீர்ந்துவிடும், வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். வண்டி நகர்ந்தபிறகும் நின்றேன். கௌதமனும் பெங்களூருக்கு மாதம் இரண்டு முறை போவாராம். இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை, அவளே சொன்னாள். வயிற்றில் எரிகிறது. தொழில் பழக்கம், சும்மா குறித்து வைக்கிறேன் என்று இத்தனை நாள் இந்த நோட்டில் எழுதியதெல்லாம் பொய்.

கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து துணி காயப்போட்டேன்.

இரண்டரைக்கு அவளிடமிருந்து மெசேஜ்: வந்து சேந்துட்டனுங்க.

ஸ்டேஷனுக்கு யார் வந்தார்கள் என்று எழுதினேன். அழித்தேன். ரூமில் கூட யார் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். எந்த ஏரியா, எத்தனையாவது மாடி, பக்கத்து ரூமில் யார். அழித்தேன். கடைசியில் சாப்பிட்டயா என்று மட்டும் அனுப்பினேன்.

ஆச்சுங்க, நீங்க? என்று கேட்டிருந்தாள்.

சாப்பிட்டேன் என்று போட்டேன். பிறகு எழுந்துபோய் அரிசி களைந்தேன்.